காக்கா முட்டை சகோதரர்களும் பியாஜேயின் அட்டவணையும்: கவுந்தப்பாடிப் பக்கத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு பிள்ளைகளின் யோசனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே என்றால் நான்கு வரி கொண்ட ஓர் அட்டவணை. பிறப்பு முதல் 2 வயது வரை புலன் இயக்க நிலை, 2 முதல் 7 வரை தர்க்கம் இன்னும் கைவராத செயலுக்கு முந்தைய நிலை, 7 முதல் 11 வரை கண்முன் உள்ள பொருள்களை வைத்துத் தர்க்கமாக யோசிக்கும் பருப்பொருள் சிந்தனை நிலை, அதற்கு மேல் ஊகங்களை வைத்தும் யோசிக்கும் முறையான சிந்தனை நிலை. தகுதித் தேர்வில் இதிலிருந்து கேள்வி வரும் என்பதால் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் எதிரே நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டால் பதில் வராது. இத்தனைக்கும் பியாஜேவின் வேலையே அங்கேதான் தொடங்கியது. 1920 வாக்கில் பாரிஸில் உளவியலாளர் தியோடர் சிமோனோடு சேர்ந்து அறிவுத்திறன் சோதனைகளைத் தரப்படுத்திக்கொண்டிருந்தபோது, சரியான விடைகளைவிடத் தப்பான விடைகள்தான் அவரை இழுத்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு செய்கிறார்கள். அப்படியென்றால் அந்தத் தப்புக்குள் ஏதோ ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும் என்பது அவர் பிடித்துக்கொண்ட நூல்.

ஆகவே என்னிடம் ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டு அதில் வரும் பிள்ளைகளை இந்தக் கோட்பாட்டை வைத்துப் பார்ப்பது. அதே படத்தை ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி சுற்றுவட்டாரத்தில் ஒரு மாலை நேர மையத்துக்கு வரும் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, அவர்களிடமும் பேசுவது. பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தோம். யார் பெயரையும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

படம் ‘காக்கா முட்டை’. மணிகண்டன் இயக்கி 2015இல் திரைக்கு வந்தது. 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த குழந்தைகள் படமாகத் தேர்வானது. இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் குடும்பப் படங்களில் பல பிள்ளைகள் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த சாமர்த்தியத்தைப் பேசுகிறார்கள். அவர்களை ஆராய்ந்தால் வசனகர்த்தாவின் அறிதிறன் வளர்ச்சிதான் தெரியும். இந்த இரண்டு பையன்களும் அதிகம் பேசுவதில்லை, செய்கிறார்கள். செய்வதைப் பார்த்துத்தான் யோசனையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை உளவியலுக்கு அது தோதான ஏற்பாடு.

“படத்துல வர்ற கேரக்டருக்கு எதுக்குங்க சார் வளர்ச்சி நிலை?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. பாத்திரம் என்பது பிள்ளை அல்ல, ஒரு பெரியவர் பிள்ளைகளைக் கவனித்து எழுதிய குறிப்பு. அந்தக் குறிப்பு எவ்வளவு தூரம் நிற்கிறது என்று உரசிப் பார்க்கத்தான் மையத்துப் பிள்ளைகள்.

நிகழ்வின் பின்னணி

சென்னையில் ஒரு குடிசைப் பகுதி. அப்பா சிறையில். அம்மா, பாட்டி, இரண்டு பையன்கள். பள்ளிக்கூடம் கிடையாது, ரயில் தண்டவாளத்தில் விழுந்து கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். மரத்தில் ஏறிக் காக்கா முட்டை எடுத்துக் குடிப்பதால் பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை என்று பெயர். மரம் இருந்த இடம் கைமாறி, அங்கே ஒரு பீட்சா கடை வருகிறது. ஒரு பீட்சா முந்நூறு ரூபாய். அதைத் தின்றே தீருவது என்று கிளம்புவதுதான் கதை. பார்வைக்குச் சின்னவனுக்கு ஏழெட்டு வயது, பெரியவனுக்குப் பத்துக்கு மேல். அட்டவணைப்படி இரண்டு பேரும் ஏறக்குறைய பருப்பொருள் நிலையில் இருக்க வேண்டியவர்கள், பெரியவன் அதன் விளிம்பில்.

மாணவர்கள் முதல் சுற்றில் எழுதிக் கொடுத்தவை எல்லாம் ஒரே அச்சு. காட்சி, அதற்கு நேராக நிலையின் பெயர், முடிந்தது.

முட்டையும் தோசையும்

கூட்டில் மூன்று முட்டை. தனக்கொன்று, தம்பிக்கொன்று, மூன்றாவதைக் காக்காவுக்கு விட்டுவிடுகிறான் பெரியவன். இதைத் ‘தன்மையச் சிந்தனையிலிருந்து விடுபடல்’, அதாவது எதையும் தன் பக்கமிருந்தே பார்ப்பதை விடுவது, என்று பலர் எழுதியிருந்தார்கள். பியாஜேவும் அவருடைய சக ஆய்வாளர் பார்பெல் இன்ஹெல்டரும் செய்த மூன்று மலைச் சோதனை இங்கே நினைவுக்கு வரும். மேசைமேல் மூன்று மலைகளின் மாதிரி; எதிர்ப்பக்கம் ஒரு பொம்மை; பொம்மைக்கு என்ன தெரியும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிவதையே காட்டுவார்கள். காக்காவின் பக்கம் நின்று பார்க்கத் தெரிந்தவன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான் என்பது மாணவர்களின் கணக்கு.

மையத்தில் இதைக் கேட்டபோது மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று வேறு விதமாகச் சொன்னது. “ஒண்ணு உட்டுட்டுத்தானுங்க எடுக்கோணும். மொத்தத்தையும் எடுத்தா கோழி எடத்த மாத்திப் போட்டுரும்.” வீட்டில் கோழி வளர்க்கும் யாருக்கும் இது தெரியும். காக்கா முட்டையிலும் அதே ஏற்பாடு என்று அது எடுத்துக்கொண்டது. ஆக, நாங்கள் இரக்கம் என்றும் பிறர் நோக்கு என்றும் எழுதியது, அந்தப் பிள்ளைக்கு நாளைக்கும் முட்டை கிடைப்பதற்கான வழி. படத்துப் பையன் எதை நினைத்தான் என்று படம் சொல்வதில்லை. ஆனால் ஒரே செயலுக்குள் இரண்டு வேறு யோசனைகள் இருக்கலாம் என்பதும், செயலை மட்டும் பார்த்து நிலையை எழுதிவிட முடியாது என்பதும் அங்கேயே தெரிந்துபோனது. பியாஜே பிள்ளைகளை விடாமல் ‘ஏன்’ என்று கேட்டதன் காரணம் இதுதான்.

பாட்டி பீட்சா சுடும் காட்சி இன்னும் சுவையானது. விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, தோசை மாவை ஊற்றி, மேலே காய்களைத் தூவி, இதுதான் பீட்சா என்கிறாள். பையன்களுக்கு ஏமாற்றம், விளம்பரத்தில் நூல் நூலாக இழுபட்டது, இதில் இழுபடவில்லை. புதிதாக வந்த ஒன்றைக் கைவசம் இருக்கும் மன அமைப்புக்குள் போட்டு அடக்கிக்கொள்வதைத் தன்வயமாக்கல் என்கிறோம். அமைப்பையே திருத்திக்கொள்வது பொருந்துதல். படத்தில் தன்வயமாக்கலுக்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு பிள்ளைகள் அல்ல, எழுபது வயதைத் தொட்டவள் போலத் தெரியும் பாட்டி! இதை ஒரே ஒரு மாணவர்தான் எழுதியிருந்தார். மற்றவர்களுக்குப் பியாஜே பிள்ளைகளுக்கு மட்டும் உரியவர். அந்த ஒருவருக்கு நிறையவே மதிப்பெண் போட்டேன்.

நாயின் விலை

வசதியான வீட்டுப் பையன் ஒருவனின் நாய் இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று கேள்விப்பட்டதும், சகோதரர்கள் தங்களுடைய தெருநாய்க் குட்டியை அதே விலைக்கு விற்கப் பார்க்கிறார்கள். திரையரங்கில் எல்லோரும் சிரிக்கும் இடம். ஒரு தனி நிகழ்விலிருந்து பொதுவிதிக்குப் போகாமல் இன்னொரு தனி நிகழ்வுக்கு நேராகத் தாவும் யோசனையைச் செயலுக்கு முந்தைய நிலையின் அடையாளம் என்பார் பியாஜே. அது நாய், விலை இருபத்தைந்தாயிரம், இதுவும் நாய், ஆகவே இதுவும் அதே விலை. மாணவர்கள் பாய்ந்து எழுதிவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால் பெரியவனும் இதற்கு உடந்தை. காசு சேர்ப்பதிலும் நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதிலும் அத்தனை கெட்டிக்காரனாக இருப்பவன் நாய் விஷயத்தில் மட்டும் ஐந்து வயதுக்கு இறங்கிவிட்டானா?

மையத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டதற்குப் பத்து வயதுப் பையன் ஒருவன் கொடுத்த விளக்கத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அவன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தைக்கு அப்புச்சியோடு போய் வந்தவன். “மாடுன்னா எல்லாம் ஒரே வெலையாங்க? பல்லப் பாப்பாங்க, சுழியப் பாப்பாங்க, கொம்பப் பாப்பாங்க. நாய்க்கும் அப்படி என்னமோ இருக்குமுங்க.” ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று மாட்டின் வயதை அவனே சொன்னான், துண்டுக்குள் கைவிட்டு விரலால் விலை பேசுவதையும் செய்து காட்டினான். ஒரு வகைக்குள் பல உட்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு, அந்த மதிப்பைத் தீர்மானிக்கும் பல பண்புகளை ஒரே நேரத்தில் கணக்கில் எடுப்பது. வகைப்படுத்தலிலும் வரிசைப்படுத்தலிலும் பியாஜே தேடியது இதுதான்.

அதே பையனிடம் பீட்சா ஏன் முந்நூறு ரூபாய் என்று கேட்டேன். “உள்ள கறி நெறையாப் போட்டிருப்பாங்க” என்றான். கடை வாடகை, பெயர், ஏசி, சீருடை போட்ட ஆள் என்று எதுவும் வரவில்லை. வராததில் வியப்பில்லை, அவன் அப்படி ஒரு கடைக்குள் போனதே கிடையாது. சென்னைப் பையன்களுக்கு நாய்ச் சந்தை தெரியாது, இவனுக்குப் பீட்சா கடை தெரியாது. இரண்டு இடத்திலும் குறைவது வயது அல்ல, பார்த்த அனுபவம்.

வெல்லத்தை வைத்து ஒரு கேள்வி

இந்த இடத்தில் படத்தை விட்டுச் சற்று விலகினோம். கவுந்தப்பாடி என்றால் நாட்டுச் சர்க்கரை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான் கோயில் நிர்வாகம் வந்து வாங்குகிறது. சுற்றிலும் கரும்புப் பாகு காய்ச்சும் ஆலைக்கொட்டாய்கள். பியாஜே களிமண்ணை வைத்துச் செய்ததை நாங்கள் வெல்லத்தை வைத்துச் செய்தோம். ஒரே அளவில் இரண்டு உருண்டை, கொஞ்சம் இளஞ்சூட்டில். இரண்டும் சமம்தானே என்று பிள்ளையை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, ஒன்றைத் தட்டையாக அழுத்தி, “இப்ப எதுல எச்சு?” என்று கேட்பது.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டையைக் காட்டினான். அகலமாக இருக்கிறது, ஆகவே எச்சு. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு கச்சிதம். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே வகுப்புப் பெண்பிள்ளை அலட்சியமாகச் சொன்னது: “ரெண்டும் ஒண்ணுதானுங்க. உருண்டை புடிச்சாலும் அச்சுல ஊத்துனாலும் அதே பாகுதானே?” அவளுடைய அப்பா ஆலைக்கொட்டாயில் பாகு காய்ச்சுகிறவர். கொப்பரையிலிருந்து இறங்கிய ஒரே பாகு உருண்டையாகவும் அச்சாகவும் தூளாகவும் ஆவதைப் பார்த்து வளர்ந்தவள்.

ஒரு பிள்ளையின் பதிலை வைத்து எதுவும் நிறுவிவிட முடியாது. ஆனால் இது புதிய சேதியும் அல்ல. 1969இல் பிரைஸ்-வில்லியம்ஸும் உடன் ஆய்வாளர்களும் மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளை இதே வகைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். களிமண்ணோடு புழங்கி வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே பொருளின் அளவு மாறாது என்று சொன்னார்கள். கையில் புழங்கிய பொருளில் யோசனை முந்திக்கொள்கிறது.

நிலக்கரிக்கும் இது பொருந்தும். சகோதரர்கள் பள்ளிக்குப் போகாதவர்கள், ஆனால் முந்நூறை நோக்கிக் காசு சேர்க்கும் கணக்கு அவர்களிடம் தவறுவதில்லை. படத்துக்காக மிகைப்படுத்தியது என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளைப் பற்றிய 1985ஆம் ஆண்டு ஆய்வை அவருக்குப் படிக்கக் கொடுத்தேன். கராஹர், ஷ்லீமன் ஆகியோர் செய்தது. ஆராய்ந்தது ஐந்தே பிள்ளைகளைத்தான். வியாபாரத்தின் நடுவே கேட்டபோது 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகப் போட்டவர்கள், அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். பெருந்துறைச் சந்தையில் தக்காளிக் கூறு போடும் பையன் சில்லறை கொடுக்கத் தடுமாறுவதில்லை என்பதை நாமும் பார்க்கிறோம். திங்கட்கிழமை வகுப்பில் அவனைக் ‘கணக்கில் மெதுவாகக் கற்பவர்’ என்று பதிவேட்டில் எழுதுகிறவர்களும் நாம்தான்.

புதுச் சட்டை

இனி முக்கியமான காட்சி. காசு சேர்ந்ததும் கடைக்குப் போகிறார்கள், வாசலில் காவலாளி விரட்டுகிறார். அழுக்குச் சட்டைதான் காரணம் என்று முடிவு செய்கிறார்கள். புதுச் சட்டைக்குக் காசு இல்லை. பெரிய வணிக வளாகத்துக்கு வந்த பணக்காரப் பிள்ளைகளுக்குப் பானிபூரி மேல் ஆசை, வீட்டில் அனுமதி இல்லை. இவர்கள் பானிபூரியைக் கொடுத்து அவர்களுடைய புதுத் துணியை வாங்கிக்கொள்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு மறுபடி போனால், கன்னத்தில் அறை விழுகிறது.

பெரும்பாலான மாணவர்கள் இதற்கும் ‘பருப்பொருள் நிலை: கண்ணுக்குத் தெரியும் காரணத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்’ என்று எழுதினார்கள். எனக்கு உடன்பாடில்லை.

முறையான சிந்தனைக்கு இன்ஹெல்டரும் பியாஜேவும் வைத்த புகழ்பெற்ற சோதனை ஊசல். கயிற்றின் நீளம், குண்டின் எடை, விடும் உயரம், தள்ளும் வேகம். இவற்றில் எது ஆட்டத்தின் வேகத்தை மாற்றுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுக் குழம்புவார்கள். பதின்வயதில்தான் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறை கைவருகிறது என்பது அவர்கள் கண்டது. இப்போது பெரியவன் செய்ததைப் பாருங்கள். அதே கடை, அதே பையன்கள், அதே காசு. மாற்றியது சட்டையை மட்டும். ஊசல் சோதனையை இதைவிடச் சுத்தமாகச் செய்ய முடியாது. விளைவு மாறவில்லை; ஆகவே சட்டை காரணம் அல்ல என்பது அவனுக்கு அறையாகவே தெரிவிக்கப்பட்டது.

அவனுடைய தர்க்கத்தில் குறை இல்லை. காரணங்களின் பட்டியல்தான் குறை. முகம், நிறம், பேச்சு, எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது — இவையும் பட்டியலில் உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. காசு கொடுத்தால் யாருக்கும் விற்போம் என்றுதான் விளம்பரமும் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதை நம்பியது பிள்ளைத்தனம் என்றால், அந்த விளம்பரத்தை எழுதியவர்களின் வளர்ச்சி நிலையை எந்தக் கட்டத்தில் போடுவது?

மையத்தில் இந்தக் காட்சி முடிந்ததும் சிரிப்பு இல்லை. பீட்சா கடைக்குப் போகாத அதே மாட்டுச் சந்தைப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. காலனியிலிருந்து வரும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் சொன்னான்: “சட்டைய மாத்துனா சரியாப் போயிருமாங்க சார்? ஆளு யாருன்னு தெரியுமுங்களே.” கொஞ்சம் பொறுத்து, “அது மெட்ராஸுங்க, அங்க தெரியாதுன்னு நெனச்சிருப்பாங்க” என்றான்.

அவன் வயதுக்கு இது கோட்பாட்டுப்படி சற்று முந்திய யோசனை. தன் ஊரையும் வேறோர் ஊரையும் ஒப்பிட்டு, அங்கே பையன்கள் என்ன கருதியிருப்பார்கள் என்று ஊகிக்கிறான். ஆனால் இதை ‘முறையான சிந்தனை நிலை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம், யார் நின்று குடிக்க வேண்டும் என்பதைப் பேச்சு வழக்கிலேயே கற்றுக்கொள்ளும் ஊர்களில் சில பிள்ளைகளுக்கு இந்தக் காரணம் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தெரிய வேண்டிய தேவை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலும் தெரிவதில்லை. உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் சொன்னது, பிள்ளைக்குப் புரியும் மனித நோக்கத்துக்குள் கேள்வியை வைத்தால் பியாஜே கண்டதைவிடத் திறமையாக யோசிக்கிறார்கள் என்பது. அதில் ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. சில நோக்கங்கள் பிள்ளைகளுக்குப் புரியவே கூடாதவை.

அந்த எச்சில் பீட்சாத் துண்டையும் சொல்லியாக வேண்டும். வசதியான வீட்டுப் பையன் தின்று மிச்சம் வைத்ததை நீட்டும்போது பெரியவன் வேண்டாம் என்கிறான். தேடி அலைந்த பொருள் கைக்கு வந்தும் மறுக்கிறான். இதற்குப் பியாஜேவிடம் இடம் இல்லை. தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்கும் தாழ்வுணர்ச்சிக்கும் நடுவே ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நடக்கும் இழுபறியைப் பற்றி உளவியலாளர் எரிக் எரிக்சன் எழுதியது இங்கே ஓரளவு உதவும். அதை வேறொரு பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம்.

பயிற்சியில் மாற்றியது

மாணவர்கள் நிரப்பித் தரும் அட்டவணையில் ‘நிலை’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் பிள்ளை என்ன செய்தது, அதைச் செய்ய அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் போனது எது, அது ஏன் தெரியாமல் போனது. கடைசிக் கேள்விக்கு ‘வயது போதாது’ என்பதும் ஒரு விடைதான், வெல்ல உருண்டையில் அந்த ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு அதுவே விடையாக இருக்கலாம். ஆனால் அதை எழுதுவதற்கு முன் மற்ற விடைகளைத் தேடியிருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் நாய், தோசை, நிலக்கரி எல்லாம் நன்றாகவே வந்தன. சட்டைக் காட்சியில் மட்டும் சிலர் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, “அதெல்லாம் எழுதுனா பிரச்சனையாயிருமுங்க சார், நாளைக்கு இந்த ஊர்லயே வேலை பாக்கோணும்” என்றார் ஒருவர். அவருக்குப் பயம் என்று புரிந்தது. அந்தப் பயம் ஏன் வந்தது என்பதையாவது அந்தக் கட்டத்தில் எழுதித் தாருங்கள் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். எழுதிக் கொண்டுவந்தவர்களுக்கு முழு மதிப்பெண். மறுபடியும் காலியாகவே கொடுத்தவர்களுக்குக் குறைத்துவிட்டேன்.